ஆங்கில ஆய்வும் அதன் பயனும்

மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் செம்பூரை ஒட்டித் தேவனார் அமைந்துள்ளது. சமூக ஆய்வில் நாடறிந்த இரு நிறுவனங்கள் அங்குள்ளன. 1936-ஆம் ஆண்டில் தோன்றிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஒன்று. இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் சபை, சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956-இல் உருவான பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மற்றொன்று. இவற்றின் ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. அத்தகைய ஆய்வின் பொருளையும் பயனையும் இரண்டாவது நிறுவனத்தின் பணியைக் கொண்டு அறியலாம்.

ஆய்வு எனப்படுவது யாது?

செய்திகளைத் திரட்டுவது மட்டுமே ஆய்வாகிவிடாது. விடை காண வேண்டிய வினாவைத் தெளிவாக வரையறுத்தல், கையாளும் சொற்களுக்குப் பொருள் நிர்ணயித்தல், குறித்த முறைப்படி விவரம் சேகரித்தல், முடிவைப் பிறர் சரிபார்க்குமாறு வெளியிடுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஆய்வு. இந்நிறுவனம் பொறுப்பேற்று நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதன் முதற்சுற்று 1992-93-இல் நடைபெற்றது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 வீடுகளில் விவரம் பெறப்பட்டது. ஒவ்வொரு வீட்டையும் கணக்கிடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு. முறைப்படி தேர்ந்த வீடுகளைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் இம்மாதிரி ஆய்வு வேறு.

ஆங்கிலத்தால் விளையும் பயன்

வினாக்கள் அந்தந்த மாநில மொழிகளில் கேட்கப்பெறுகின்றன. முடிவுகள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பெறுகின்றன. இதனால் தமிழ்நாட்டின் நிலையைப் பீகாருடனும், இந்தியாவின் நிலையைப் பிற நாடுகளுடனும் ஒரே அளவுகோலால் ஒப்பிட இயலுகிறது. ஒரு பெண் பெறக்கூடிய குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை முதற்சுற்றில் 3.4 ஆக இருந்து, ஐந்தாம் சுற்றில் 2.0 ஆகக் குறைந்தது என்பதை இவ்வாறே உலகம் அறிந்தது.

சொல்லில் எழும் சிக்கல்

இந்த அளவை ஆங்கிலத்தில் ‘ஃபெர்ட்டிலிட்டி’ விகிதம் என்பர். மக்கள்தொகை இயலில் அச்சொல் உண்மையில் நிகழ்ந்த பிறப்புகளைக் குறிக்கும். கருத்தரிக்கும் உடல் திறனைக் குறிக்க ‘ஃபெகண்டிட்டி’ என்ற வேறு சொல் உண்டு. பிரெஞ்சு மொழியிலோ இவற்றின் இனச்சொற்கள் நேர்மாறான பொருளில் வழங்குகின்றன. தமிழில் இவ்வளவு ‘கருவள விகிதம்’ என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் விகிதம் 1.8. இதனைக் ‘கருவளம் குறைந்தது’ என்று படிக்கும் ஒருவர், பெண்களின் உடல் திறன் குன்றிவிட்டதாகவே எண்ணக்கூடும். காலந்தாழ்ந்த திருமணம், கருத்தடை முறைகளின் பரவல், சிறு குடும்ப விருப்பம் ஆகியன அவர் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். ‘மகப்பேற்று விகிதம்’ என்றிருப்பின் இக்குழப்பத்திற்கு இடமில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காரணம் தவறாக உணரப்பட்டால் பரிகாரமும் தவறாகவே அமையும். குறைவு விருப்பத்தின் விளைவாயின், முதியோர் நலமும் எதிர்காலத் தொழிலாளர் தேவையும் திட்டமிடுவோரின் கவனத்திற்கு உரியவை. உடல் நலக்குறைவின் விளைவாயின், மருத்துவ வசதியே முதற்கடமை.

செய்யத்தக்கது

ஆங்கில ஆய்வைக் கைவிடுதல் இதற்குத் தீர்வாகாது. உலக அறிவுடன் உள்ள தொடர்பு அதனால் அறுபடும். அறிக்கை ஒவ்வொன்றுடனும், சொற்களின் வரையறையை உள்ளடக்கிய மாநில மொழிச் சுருக்கம் ஒன்றும் வெளிவருதல் வேண்டும். அது ஊராட்சி உறுப்பினர்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர்க்கும் எட்டுதல் வேண்டும். தம் வீட்டு வாயிலில் வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளித்த பெண்கள், அவ்விடைகளால் அறியப்பட்டது யாது என்பதைத் தம் மொழியிலேயே அறியும்போதுதான் ஆய்வின் பயன் நிறைவுறும்.