கணினிப் பேரேடும் கட்டற்ற மென்பொருளும்

சிட்டையும் பேரேடும் எழுதிய பெரம்பலூர், அரியலூர் கடைகளில் இன்று கணினி பில் போடுகிறது. கணக்கு அதற்குள் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான், மென்பொருள் விற்க வருபவரிடம் சரியான கேள்வி கேட்க முடியும்.

பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குகிறோம். கணினியில் சரக்குக்கு ஓர் அட்டவணை, வாடிக்கையாளருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை 1970-இல் எட்கர் காட் என்ற அறிஞர் வகுத்தார். அட்டவணையில் தகவல் எடுக்க எஸ்.க்யூ.எல். என்ற தனி மொழி உண்டு.

நிரல் எழுதுபவர் அந்த மொழியில் ஒவ்வொன்றாக எழுதாமல், 'சரக்கு', 'பில்', 'வாடிக்கையாளர்' என்று பொருள்களாகவே கையாள்வது பொருள்நோக்கு முறை. நடுவில் உள்ள பகுதி, முதலாளி சொன்னதைக் கிடங்கிலிருந்து எடுத்துவரும் கடைப்பையனைப் போல வேலை செய்கிறது.

இந்த வசதியோடு, இணையம் வழி இயங்கும் செயலி கட்டுவதற்குத் தேவையான பலவற்றையும் முன்கூட்டியே செய்து தருவது 'சட்டகம்'. 2005-இல் வெளியான ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. நம் நாட்டில் ருஷப் மேத்தா மும்பையில் தொடங்கிய நிறுவனம் ஃபிராப்பே என்ற சட்டகத்தையும், அதன்மேல் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருளையும் தந்தது. இவை கட்டற்ற மென்பொருள்கள். மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆள் செலவு உண்டு.

இனி கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆனது. விகிதத்தைச் சரக்கு அட்டவணையில் மட்டும் வைத்திருந்தால், ஆகஸ்டு மாத பில்லை மறுபடி அச்சிடும்போது 18-க்குப் பதில் 5 விழும். சரக்கு திரும்பி வந்தால் வரவு வைப்பதிலும் தவறு நேரும். எனவே அன்றைய விகிதம் அந்தந்த பில்லிலேயே பதிய வேண்டும்.

இரண்டாவது, வேகம். கடன் பாக்கியுள்ள 200 பில்களைப் பெயரோடு கேட்கிறோம். நிரல் கவனமின்றி எழுதப்பட்டிருந்தால், பட்டியலுக்கு ஒரு முறையும் பெயருக்காக 200 முறையுமாக 201 தடவை அட்டவணைக்குப் போய்வரும். பத்துச் சாமான் வேண்டுமென்றால் பையனைப் பத்து முறையா கிடங்குக்கு அனுப்புவோம்? ஒரே சீட்டில் எழுதித் தருவோம் அல்லவா? ஜாங்கோ போன்ற சட்டகங்களில் அதற்கும் வழி உண்டு. 'கணினி பழசு, அதுதான் மெதுவாக இருக்கிறது' என்று சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் மென்பொருள் விற்றவர் தொழிலை விட்டுவிடலாம். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியவை:

1. என் கணக்கு முழுவதையும் நானே வேறு கோப்பாக எடுக்க முடியுமா?
2. பழைய பில்லில் பழைய விகிதம் அப்படியே நிற்குமா?
3. தினசரி நகல் எங்கே சேமிக்கப்படுகிறது?
4. நீங்கள் இல்லாவிட்டால் வேறொருவர் இதைப் பராமரிக்க முடியுமா?

நான்காவது கேள்விக்குத்தான் கட்டற்ற மென்பொருள் துணை நிற்கிறது. மென்பொருளை யார் செய்து தந்தாலும், பேரேடு நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.