அச்சுத் தரவின் வடிவ மாற்றம்: நிர்வாகம் கவனிக்க வேண்டியவை

அரசின் முடிவுகள் மக்களைச் சென்றடைவது பெரும்பாலும் அச்சிட்ட தாளின் வாயிலாகத்தான். மின்கட்டணப் பட்டியல், ஓய்வூதிய ஆணை, காப்பீட்டுப் பத்திரம், நில உரிமைச் சான்று ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும், அதில் ஓர் இலக்கம் இடம் மாறினால் இழப்பு தாளைப் பெறுபவருக்கே. கணிப்பொறி போடும் கணக்கிற்கும் அச்சுப்பொறி தரும் தாளுக்கும் இடையில் ‘அச்சுத் தரவு’ என்ற ஒரு கட்டம் உள்ளது. அது எந்த வடிவில் அமைந்துள்ளது, ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு மாற்றப்படுகிறது என்பவை தொழில்நுட்பப் பிரிவினர் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து சரியன்று. வடிவ மாற்றத்தின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்பது நிர்வாகமே ஆகும்.

மூன்று வகை வடிவங்கள்

முதல் வகை வரிவாரியான தரவு. பழைய வரி அச்சுப்பொறிகளுக்காக இது ஏற்பட்டது. ஒவ்வொரு வரியின் முதல் இடத்திலும் ஒரு கட்டுப்பாட்டுக் குறி இருக்கும். அவ்விடத்தில் 1 இருந்தால் புதிய பக்கம் தொடங்கும். 0 இருந்தால் ஒரு வரி விட்டு அச்சாகும். கூட்டல் குறி இருந்தால் முந்தைய வரியின் மீதே அச்சாகும். எழுத்தின் அளவு, கட்டங்கள், முத்திரை ஆகிய எவையும் இத்தரவில் இரா. அவை முன்கூட்டியே அச்சிட்ட படிவத்தில் இருக்கும்.

இரண்டாம் வகை பக்க விவரிப்பு மொழிகள். லேசர் அச்சுப்பொறிகள் பரவிய 1980-களில் இவை வளர்ந்தன. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984-இல் வெளிவந்தது. ஹியூலெட் பேக்கார்டின் பி.சி.எல்., ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஃப்.பி. ஆகியவையும் அக்காலத்தில் வேரூன்றியவை. பல்லாயிரம் பட்டியல்களை ஒரே இரவில் அச்சிடும் பெரிய நிலையங்களுக்கு ஏ.எஃப்.பி. ஏற்றது. அதில் படிவத்தின் கட்டங்களும் எழுத்துருக்களும் தனியாகச் சேமிக்கப்பட்டு, அச்சிடும் நேரத்தில் தரவுடன் இணைகின்றன.

மூன்றாம் வகை நிலையான ஆவண வடிவம். 1993-இல் அறிமுகமான பி.டி.எஃப். 2008-இல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. நீண்டகாலப் பாதுகாப்புக்கான அதன் பிரிவு, பி.டி.எஃப்.-ஏ, 2005-இலேயே தரமாகிவிட்டது.

மாற்றம் நிகழும் முறை

அச்சு மேலாண்மை மென்பொருள் பல கணிப்பொறிகளிலிருந்து பணிகளைப் பெற்று வரிசைப்படுத்தி, தகுந்த அச்சுப்பொறிக்கு அனுப்பி, பக்கங்களைக் கணக்கிடுகிறது. வந்த தரவின் வடிவம் அச்சுப்பொறிக்குப் புரியாதபோது அதை மாற்றித் தருவதும் அதன் பணியே. இம்மாற்றம் நான்கு படிகளில் நிகழ்கிறது. முதலில் எழுத்துக் குறியீடும் கட்டுப்பாட்டுக் குறிகளும் இனங்காணப்படுகின்றன. அடுத்து, தேவையான எழுத்துரு, படிவம், முத்திரை ஆகியவை திரட்டப்படுகின்றன. பிறகு பக்கத்தில் ஒவ்வொன்றின் இடமும் கணிக்கப்படுகிறது. இறுதியாகப் புதிய வடிவில் பக்கம் எழுதப்படுகிறது. தாளின் இருபுறமும் அச்சிடுதல், தாள் தட்டைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய கட்டளைகளும் இத்துடன் மாற்றப்பட வேண்டும்.

பிழைகள் நேரும் இடங்கள்

பிழைக்கு முதற்காரணம் எழுத்துக் குறியீடு. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகள் பயன்படுத்தும் எப்சிடிக் முறையில் ஆங்கில முதலெழுத்தான பெரிய ‘ஏ’ 193 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. ஆஸ்கி முறையில் அதே எழுத்தின் எண் 65. சாதாரண எழுத்துகளை மாற்றுவது எளிது. நிறுத்தக் குறிகள், சிறப்புக் குறிகள் ஆகியவற்றுக்கு எப்சிடிக் முறைக்குள்ளேயே பல பட்டியல்கள் இருப்பதால், தவறான பட்டியல் பயன்படுத்தப்பட்டால் குறிகள் மாறிவிடும்.

இரண்டாவது காரணம் எழுத்துரு. மூல எழுத்துரு கிடைக்காதபோது மென்பொருள் வேறொன்றை இட்டு நிரப்புகிறது. இரண்டின் அகலமும் வேறானால் இலக்கங்கள் தம் பத்தியைவிட்டு நகர்ந்து, தொகை பக்கத்துக் கட்டத்தில் விழும்.

மூன்றாவது காரணம் புள்ளிச் செறிவு. அங்குலத்திற்கு 240 புள்ளிகள் கொண்ட பழைய படம் 300 புள்ளிகள் கொண்ட பொறிக்கு மாற்றப்படும்போது, 3 புள்ளி அகலமுள்ள கோடு 3.75 புள்ளி ஆக வேண்டும். முக்கால் புள்ளி அச்சிட இயலாது. எனவே சில கோடுகள் 3 புள்ளியாகவும் சில 4 புள்ளியாகவும் அமையும். முத்திரைப் படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. பட்டைக் குறியீட்டிலோ கோடுகளின் அகலமே செய்தி ஆதலால், படிக்கும் கருவி அதை ஏற்க மறுக்கலாம்.

இந்திய மொழிகளின் தனிச்சிக்கல்

மேற்கூறிய பிழைகள் பெரும்பாலும் தாளிலோ சோதனையிலோ வெளிப்பட்டுவிடும். தாளில் சிறிதும் தெரியாத ஒரு பிழையும் உண்டு. இந்திய மொழிகள் அதற்கு எளிதில் இலக்காகின்றன. ‘கொள்கை’ என்ற சொல்லை நோக்குக. தாளில் முதலில் காணப்படுவது ஒற்றைக் கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால். யூனிகோட் முறையிலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. இந்தியில் குறில் இகரக் குறி மெய்யெழுத்தின் இடப்புறம் எழுதப்படினும், சேமிப்பில் மெய்க்குப் பின்னரே வருகிறது.

பழைய எழுத்துருக்கள் பல, உருவங்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் வைத்திருந்தன. அத்தகைய தரவை நேரடியாக பி.டி.எஃப். ஆக மாற்றினால் அச்சு அழகாகவே இருக்கும். கோப்பில் ‘கொள்கை’ என்று தேடினால் கிடைக்காது. வரியை நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதைப் படிக்க இயலாது. பி.டி.எஃப். கோப்பில் ஒவ்வோர் உருவமும் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று கூறும் பட்டியலைச் சேர்க்க இடமுண்டு. அப்பட்டியல் விடுபட்டாலோ தவறாக அமைந்தாலோ எழுத்து வெறும் உருவமாகவே எஞ்சும்.

இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டுத் தரம் 1991-இல் வெளியிடப்பட்டது. மின் ஆளுகைக்கு யூனிகோட் முறையே தரம் என 2009-இல் மத்திய அரசு அறிவித்தது. எனினும் அதற்கு முன் உருவான கோப்புகள் தாமாகவே மாறிவிடுவதில்லை.

இச்சிக்கலின் முக்கியத்துவம் இப்பொழுது மிகுந்துள்ளது. இந்திய அரசிதழ் 2015 அக்டோபர் 1 முதல் மின்னணு முறையில் மட்டுமே வெளியிடப்படுகிறது. முன்பு தாளே மூல ஆவணம். தாள் சரியாக இருந்தால் போதுமானதாக இருந்தது. மின்னணுக் கோப்பே மூலமாகும் இடத்தில், தேட இயலாத கோப்பு பாதி மறைந்த ஆணைக்கு ஒப்பாகும்.

செலவும் பயனும்

வடிவ மாற்றத்தைப் பொருளாதார நோக்கிலும் காண வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறி மட்டுமே அறிந்த வடிவில் ஓர் அலுவலகத்தின் படிவங்கள் அனைத்தும் அமைந்துவிட்டால், அடுத்த கொள்முதலில் போட்டி பெயரளவிலேயே இருக்கும். வேறு நிறுவனம் குறைந்த விலை கூறினாலும், படிவங்களை மாற்றும் செலவு அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். மாற்றும் மென்பொருள் இச்சார்பைக் குறைக்கிறது. பழைய பயன்பாட்டு நிரல்களைத் திருத்தாமலேயே புதிய பொறிகளைப் பயன்படுத்த உதவுகிறது. ஆயினும் சோதனைச் செலவைச் சேர்க்காமல் போடப்படும் மதிப்பீடு குறைமதிப்பீடே ஆகும்.

மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள்

முதலாவதாக, மாற்றத்திற்குப் பின்னரும் மூலத் தரவை அழிக்காமல் காக்க வேண்டும். மாற்றிய கோப்பில் பின்னொரு நாள் பிழை தெரியவந்தால், ஒப்பிட்டுத் திருத்த அது ஒன்றே ஆதாரம்.

இரண்டாவதாக, உள்ளே வந்த பதிவுகளின் எண்ணிக்கை, வெளியே வந்த ஆவணங்களின் எண்ணிக்கை, தொகைகளின் மொத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, எழுத்துருக்கள் கோப்பினுள்ளேயே பொதியப்பட வேண்டும். நெடுங்காலம் காக்கப்பட வேண்டிய ஆவணங்களுக்கு பி.டி.எஃப்.-ஏ வடிவம் தகுந்தது.

நான்காவதாக, சோதனை தாளோடு நின்றுவிடலாகாது. இந்திய மொழி ஆவணங்களில் சில சொற்களைத் தேடியும் நகலெடுத்தும் பார்க்க வேண்டும். மிக நீண்ட பெயர், மிகப் பெரிய தொகை, இரண்டாம் பக்கத்திற்கு நீளும் பட்டியல் ஆகியவை சோதனை மாதிரியில் அவசியம் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவதாக, ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே வெளியீடு திறந்த தரத்தில் அமைய வேண்டும் என்றும், படிவங்களும் எழுத்துருப் பட்டியல்களும் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் அரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. கணக்குத் தணிக்கையில் அலுவலர்கள் காட்டும் கவனமே இங்கும் போதும். ஓய்வூதியர் ஒருவர் தம் ஆணையிலுள்ள பெயரையும் தொகையையும் ஐயமின்றிப் படிக்கவும், ஆண்டுகள் பல கழிந்தபின் அதே ஆணையை அலுவலகம் பெயரிட்டுத் தேடி எடுக்கவும் இயலுமாயின், மாற்றம் செவ்வனே நடந்தது எனலாம்.