கணினியுள் ஓர் இரப்பு

தமிழிலே இரத்தற்பொருளில் வரும் சொற்கள் மூன்று. தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான். ஒப்போன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் இவ்விதியின் உட்கிடை, கேட்பவன் தன் நிலையறிந்து கேட்டல் வேண்டும் என்பதாம். கணினியுள்ளும் இத்தகைய இரப்பு ஒன்று நிகழ்கின்றது. கணினியியல் பயிலும் மாணவர்பொருட்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

இடையகமும் அதன் தேவையும்

கணினியோடு இணைந்த கமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட படத்தில், புள்ளிக்கு 2 பைற்று வீதம், ஒரு படத்திற்கு 614,400 பைற்று வேண்டும். செக்கனுக்கு 30 படங்கள் வருமாயின் 18,432,000 பைற்று வந்து குவியும். செய்நிரல் எடுத்துக்கொள்ளும்வரை அப்படங்கள் தங்குதற்கு நினைவகத்தில் ஒதுக்கப்படும் இடமே இடையகம் எனப்படும். இடையகம் ஒன்றே இருப்பின், செய்நிரல் அதனைப் படிக்கும்பொழுது அடுத்த படத்திற்கு இடமின்றிப் போகும். ஆதலின் பல இடையகங்களை மாறிமாறிப் பயன்படுத்துவர். நான்கு இடையகங்களுக்கு 2,457,600 பைற்று வேண்டும்.

கேட்கும் முறை

செய்நிரல் கமராவை நேரே தீண்டுதல் இயலாது. பணிசெயல் முறைமையின் கருவிலுள்ள சாதனச் செலுத்தியே அதனை ஆள்வது. அச்செலுத்தியிடம் விண்ணப்பித்தற்குரிய வாயில் முறைமை அழைப்பாகும். 1979ஆம் ஆண்டின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘ஐஓசிரிஎல்’ என்னும் அழைப்பு இடம்பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அது உண்டு. அவ்வழைப்பின்வழி அனுப்பப்படும் கட்டளைகளுள் ஒன்றே, இடையகம் வேண்டும் ‘ரெக்பஃப்ஸ்’ என்பது.

இவ்விண்ணப்பத்தில் முதன்மையாகக் குறிக்கத்தக்கன மூன்று: இடையகங்களின் எண்ணிக்கை, படம் பெறுதற்கோ வெளியிடுதற்கோ என்னும் வகை, நினைவகம் யாருடையது என்பது. நினைவகம் செலுத்தி ஒதுக்குவதாகவோ, செய்நிரல் தானே கொணர்வதாகவோ, பிறிதொரு சாதனத்தோடு பகிர்வதாகவோ இருக்கலாம். இவற்றுள் முதலாவதனையே மேலே தொடர்வோம்.

விடையை நோக்குதல்

இனிக் கூறுவதே இப்பாடத்தின் உயிர்நிலை. செலுத்தி தன் விடையை, நாம் எண்ணிக்கை எழுதிய அதே இடத்தில் எழுதித் தருகின்றது. நான்கு கேட்டார்க்கு இரண்டும் கிட்டலாம். தன் தொழிற்கு மிகுதி வேண்டுமாயின் செலுத்தி ஐந்தும் தரலாம். எவ்வாறாயினும் அழைப்பு வெற்றி என்றே திரும்பும்.

வெற்றி என்ற சொல்லைக் கேட்டளவில் நான்கும் கிடைத்தன எனக் கருதுவோன் இடர்ப்படுவான். மூன்றாவது இடையகத்தை வினவும்பொழுது பிழை தோன்றும். அப்பிழையையும் நோக்காது, இல்லாத முகவரியில் அவன் செய்நிரல் கைவைக்குமாயின், பணிசெயல் முறைமை அதனை அப்பொழுதே நிறுத்திவிடும். ஒரு கமராவில் பழுதின்றி ஓடிய செய்நிரல் மற்றொன்றில் வீழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கிடைத்த தொகை போதாதாயின், பெற்றதனை விடுவித்துப் பயனருக்கு அறிவித்தலே முறை.

பெற்றபின் செய்வன

ஒவ்வோர் இடையகத்தின் நீளத்தையும் இருப்பிடத்தையும் வினவியறிந்து, தன் முகவரிவெளியோடு பொருத்திக்கொண்டு, செய்நிரல் அவற்றைச் செலுத்தியின் வரிசையில் இடவேண்டும். பின்னர்ப் படவோட்டத்தைத் தொடங்கி, நிரம்பியதனை எடுத்துப் பயன்கொண்டு, மீண்டும் வரிசையில் இடவேண்டும். எடுத்ததனைத் திருப்பி வையாவிடின் செலுத்திக்குப் படம் வைக்க இடமிராது, படங்கள் இழக்கப்படும்.

தொழில் முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திப் பொருத்தத்தை நீக்கி, எண்ணிக்கையைச் சுழியமாக இட்டு அதே விண்ணப்பத்தை அனுப்புக. இடையகங்கள் யாவும் விடுவிக்கப்படும். கேட்கும் கட்டளையே கொடுக்கும் கட்டளையும் ஆதல் காண்க.

முடிவுரை

வேண்டிய அளவு கேட்டல், கிடைத்த அளவு அறிதல், பயன்கொண்டபின் மீளக் கொடுத்தல் ஆகிய இம்மூன்றும் இரப்போன் கடன். இவற்றுள் நடுவணதே பெரிதும் மறக்கப்படுவது. செய்நிரல் எழுதும் மாணவர் அதனையே முதற்கண் மனங்கொள்வாராக.