மாம்பழ யோகட் ஐஸ்பழம்: அடுப்பின்றித் தயாரிக்கும் போசணை உணவு

மனைப் பொருளியல் - செயன்முறைப் பாடமும் வினாவிடையும்

மாணவர்களே, வெயில் நேரத்தில் பாடசாலை விட்டதும் பலர் நாடுவது ஐஸ்பழத்தையே. சாதாரண ஐஸ்பழத்தில் பெரும்பாலும் நீர், சீனி, நிறமூட்டி, சுவையூட்டி ஆகியனவே உள்ளன. அதே குளிர்ச்சியுடன் புரதம், கல்சியம், விற்றமின்கள் என்பவற்றையும் தரும் ஓர் உணவை வீட்டிலேயே தயாரிக்கலாம். செய்முறையை மட்டும் மனனம் செய்யாது, ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் விளங்கிக் கொள்ளுங்கள்.

1. யோகட் உருவாகும் விதம்

சூடாக்கி, ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வரை ஆறவிட்ட பாலில் இலற்றோபசிலசு பல்காரிக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு தேர்மோபிலசு ஆகிய பற்றீரியாக்கள் சேர்க்கப்படும். இவை பாலிலுள்ள இலற்றோசை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தினால் கேசின் எனும் பாற்புரதம் திரள்வதால் பால் கட்டியாகின்றது. இலற்றோசின் ஒரு பகுதி மாற்றமடைவதால், பால் ஒவ்வாத சிலருக்கும் யோகட் இலகுவில் சமிபாடடையும்.

2. தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

• சீனி சேர்க்காத யோகட் - 400 கிராம்
• நன்கு பழுத்த மாம்பழக் கூழ் - 200 கிராம்
• சீனி - 2 மேசைக்கரண்டி
• தேசிக்காய்ச் சாறு - 1 தேக்கரண்டி

கடையில் வாங்கும் யோகட்டில் சீனி ஏற்கனவே சேர்க்கப்பட்டிருப்பின் மேலும் சீனி சேர்க்க வேண்டாம். சுட்டுத்துண்டை வாசித்துப் பாருங்கள்.

3. செய்முறை

(அ) கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பாத்திரங்களையும் கரண்டிகளையும் கொதிநீரில் அலசி உலரவிடுக.
(ஆ) மாம்பழத்தைக் கழுவிய பின்னரே தோல் சீவிக் கூழாக்குக.
(இ) யோகட், கூழ், சீனி, தேசிச்சாறு என்பவற்றைச் சீனி கரையும் வரை கலக்குக.
(ஈ) கலவையை அகன்ற பாத்திரத்தில் இட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறையவைக்கும் பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வைக்குக.
(உ) ஓரங்கள் உறைந்ததும் முள்ளுக்கரண்டியால் நன்கு கிளறுக.
(ஊ) சிறிய கோப்பைகளில் நிரப்பி, நடுவே குச்சி செருகி, மேலும் 5 மணி நேரம் உறையவிடுக.

4. காரணங்கள்

கிளறுவது ஏன்? அசையாது மெதுவாக உறையும்போது பெரிய பனிக்கட்டிப் பளிங்குகள் தோன்றும். கிளறுவதால் அவை உடைந்து, சிறிது வளியும் கலந்து, உணவு மென்மையாகும்.

சீனியின் தொழில் இனிப்பு மட்டுமா? இல்லை. கரைந்த சீனி கலவையின் உறைநிலையைத் தாழ்த்தும்; ஆகவே உணவு கல்லைப்போல் இறுகாது. சீனியைக் குறைத்தால், பரிமாறுவதற்கு 5 நிமிடம் முன்பாக வெளியே எடுத்து வையுங்கள்.

மாம்பழத்திற்குப் பதிலாக அன்னாசி சேர்க்கலாமா? பச்சை அன்னாசியிலுள்ள புரொமெலயின் எனும் நொதியம் பாற்புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். அன்னாசியை அவித்து ஆறவிட்டால் நொதியம் செயலிழக்கும், அதன்பின் சேர்க்கலாம்.

5. போசணைக் கணிப்பு

100 கிராம் யோகட்டில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. எனவே 400 கிராமில் 480 மில்லிகிராம். ஒருவருக்கு 80 மில்லிகிராம். மாம்பழம் கரோட்டினையும் விற்றமின் சீயையும் தரும். கூழைச் சூடாக்காததால் விற்றமின் சீ இழப்பும் குறைவு.

2 மேசைக்கரண்டி சீனி என்பது 6 தேக்கரண்டிக்குச் சமம். ஒருவருக்கு 1 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 4 கிராம். உணவில் சேர்க்கும் சீனி போன்றவற்றிலிருந்து பெறும் சக்தி, நாளாந்த மொத்தச் சக்தியில் 10 சதவீதத்திலும் குறைவாக இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் பரிந்துரைத்தது. 2000 கிலோகலோரி பெறும் ஒருவருக்கு இது 50 கிராம் சீனியாகும். தேநீர், பிஸ்கட், மென்பானம் ஆகியவற்றின் சீனியும் இக்கணக்கில் அடங்கும் என்பதை மறவாதீர்கள்.

6. மாதிரி வினா

மின்தடையினால் முற்றாக உருகி, அறை வெப்பநிலையில் 3 மணி நேரம் இருந்த யோகட் ஐஸ்பழத்தை மீண்டும் உறையவைத்து உண்ணலாமா? காரணம் தருக.

விடை: உண்ணலாகாது. உறையவைத்தல் நுண்ணங்கிகளின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி அவை அனைத்தையும் அழிக்காது. தயாரிக்கும்போது கை, பாத்திரம் அல்லது பழம் மூலம் நோயாக்கி நுண்ணங்கிகள் சேர்ந்திருக்கலாம். 5 முதல் 60 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை அவற்றின் பெருக்கத்திற்குச் சாதகமானது. மீண்டும் உறையவைப்பினும், பெருகியவை உயிருடன் இருக்கும். அவை உருவாக்கிய நச்சுப் பொருட்களும் நீங்கா.

கவனிக்க: "குளிரில் கிருமிகள் இறந்துவிடும்" என எழுதுவது தவறு. இத்தவறு விடைத்தாளில் புள்ளியை மட்டுமே குறைக்கும். வீட்டிலோ அதனை உண்ணும் தம்பி, தங்கையரை வயிற்றோட்டத்திற்கு ஆளாக்கலாம். ஐயமெனில், எறிந்துவிடுவதே சரியான விடை.