மண்ணுக்குள் ஹீலியம், கைக்குள் எத்தனை பென்னி?

கேள்வி: லண்டனில் மருத்துவமனை ஒன்றில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பது என் வேலை. உள்ளே திரவ ஹீலியம் இல்லாவிட்டால் எங்கள் இயந்திரம் வெறும் பீப்பாய்தான் என்று தினமும் பார்க்கிறவன் நான். அதனால் ஹீலியம் தேடும் ஒரு கம்பெனி லண்டன் பங்குச் சந்தையின் சிறு கம்பெனிகளுக்கான எய்ம் சந்தையில் இருக்கிறது என்று மச்சான் (மனைவியின் அண்ணன்) சொன்னதும் யோசிக்காமல் வாங்கினேன். மூன்று தவணையாக 6,000 பவுண்ட் போட்டேன். கிணற்றில் ஹீலியம் கிடைத்ததாகக் கம்பெனியும் அறிவித்துவிட்டது. ஆனால் என் பங்குகளின் இன்றைய மதிப்பு 2,100 பவுண்ட். "கிடைத்த பிறகு விலை இறங்குகிறது என்றால், பெரிய கைகள் நம்மை வெளியே தள்ளப் பார்க்கின்றன. இப்போதுதான் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ண வேண்டும்" என்கிறார் மச்சான். ஒரு பென்னிப் பங்கு பத்துப் பென்னி ஆகாதா? இன்னும் 3,000 போடலாமா? வீட்டில் மனைவிக்கு இதுவரை சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: கம்பெனியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நல்லதுதான். பெயர் தெரிந்தால் "வாங்கு", "விற்றுவிடு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடத் தோன்றும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மண்ணுக்குள் ஹீலியம் இருக்கிறதா என்பது ஒன்று. அதில் உங்கள் பங்குக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்ததும் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைத்தீர்கள். அது தீரவில்லை என்பதைத்தான் அந்த 2,100 பவுண்ட் சொல்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1903-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் துளையிட்டபோது வாயு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஊருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று விழாவே எடுத்தார்கள். கூட்டத்தின் நடுவே, பற்றவைத்த வைக்கோல் கட்டை வாயுவின் பக்கம் தள்ளினார்கள். வாயு எரியவில்லை, வைக்கோல்தான் அணைந்தது. மாதிரி கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. பெரும்பகுதி நைட்ரஜன். 1905-இல் கேடி, மெக்ஃபார்லண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் அதில் ஏறத்தாழ 1.8 சதவீதம் ஹீலியம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சூரியனில் இருப்பதாக அறியப்பட்ட அபூர்வப் பொருள் காலடியில் கிடந்தது! ஆனால் அன்றைக்கு அதற்கு வாங்க ஆள் கிடையாது. முதல் உலகப் போரில் வான்கப்பலுக்குத் தேவைப்பட்ட பிறகே ஹீலியத்துக்கு மவுசு வந்தது. பொருள் இருப்பது வேறு, அது காசாவது வேறு என்பதை டெக்ஸ்டர்காரர்கள் ஒரு வைக்கோல் கட்டைச் செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது நம் காலத்து உதாரணம் ஒன்று. டான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கு. பழைய பாறைகளில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து ஹீலியத்தை உண்டாக்குகின்றன. பிளவுப் பள்ளத்தாக்கின் எரிமலைச் சூடு அதைப் பாறையிலிருந்து விடுவிக்கிறது. 2016-இல் ஆக்ஸ்போர்டு, டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹீலியம் ஒன் கம்பெனியோடு சேர்ந்து, அங்கே ஒரு பகுதியில் மட்டும் 5,400 கோடி கன அடி இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 12 லட்சம் எம்ஆர்ஐ இயந்திரங்களுக்குப் போதும் என்று செய்தி உலகமெல்லாம் பரவியது. பிறகு வந்த மதிப்பீடு 13,800 கோடி கன அடி. உலகம் முழுவதும் ஒரு வருடத்துக்குச் செலவாவது ஏறத்தாழ 600 கோடி கன அடிதான் என்பதால், கேட்டவர்களுக்குத் தலை சுற்றியதில் வியப்பில்லை.

2020 டிசம்பரில் அந்தக் கம்பெனி எய்ம் சந்தைக்கு வந்தது. 2021-இல் டாய்-1 கிணற்றைத் துளைத்தபோது ஹீலியத்தின் அறிகுறிகள் தெரிந்தன, ஆனால் வாயு பாயவில்லை; பங்கு விலை சரிந்தது. அடுத்த கிணற்றுக்குத் துளையிடும் ரிக் அமையாமல் காத்திருந்து, கடைசியில் கம்பெனி சொந்தமாகவே ஒரு ரிக் வாங்கியது. 2024 தொடக்கத்தில் இடும்புலா வெஸ்ட்-1 கிணற்றில் ஹீலியம் மேலே வந்தது. விலை சில வாரங்களில் பல மடங்கு ஏறியது, பிறகு இறங்கியது. அந்த ஆண்டு நடந்த நீண்ட சோதனையில் வாயுவில் 5.5 சதவீதம் ஹீலியம் பதிவானது. மீத்தேனோடு சேர்ந்து வரும் இடங்களில் 0.3 சதவீதம் இருந்தாலே பிரித்தெடுப்பார்கள் என்பதால் இது நல்ல அளவுதான். 2025-இல் சுரங்க உரிமமும் கிடைத்தது. ஆய்வாளர்களின் மதிப்பீட்டிலிருந்து உரிமம் வரை ஒன்பது ஆண்டுகள். விற்பனை அதற்குப் பிறகுதான்.

இதில் மோசடி எதுவும் இல்லை. தேடும் தொழிலின் இயல்பே இதுதான். அறிவிப்பில் வரும் சொற்களின் எடை தெரியாமல் படிப்பதில்தான் ஆபத்து. "பிராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ்" என்றால் இன்னும் கண்டுபிடிக்காதது. பாறையைப் பார்த்துப் போட்ட கணக்கு. முன்னால் சொன்ன 13,800 கோடி அந்த வகை. "கன்டின்ஜென்ட் ரிசோர்ஸ்" என்றால் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் லாபத்தோடு எடுக்க முடியும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. "ரிசர்வ்" என்ற சொல் வந்தால்தான் எடுத்து விற்கும் திட்டமும் கணக்கும் கைக்கு வந்ததாக அர்த்தம். அதேபோல் "ஷோ" என்பது துளைக்கும்போது தெரியும் அறிகுறி. "ஃப்ளோ" என்பது தானாகப் பாய்ந்து வருவது. உங்கள் கம்பெனி அறிவித்தது இவற்றில் எது? அந்த அறிவிப்பை எடுத்து ஒரு பென்சிலால் அடிக்கோடு போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒரு பென்னி பத்துப் பென்னி ஆகுமா என்ற கணக்கு. பங்கு விலையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. எத்தனை பங்குகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பேச்சுக்கு 600 கோடிப் பங்குகள் என்று வையுங்கள். ஒரு பென்னி வீதம் கம்பெனியின் மதிப்பு 6 கோடி பவுண்ட். பத்துப் பென்னி என்றால் 60 கோடி பவுண்ட். அந்த மதிப்பு நிலைக்க வேண்டுமானால் வருடத்துக்கு 6 கோடி பவுண்டாவது லாபம் வர வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கும். டாலரில் ஏறத்தாழ 8 கோடி. வருமானத்தில் பாதி லாபமாக நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 16 கோடி டாலருக்கு விற்க வேண்டும். ஆயிரம் கன அடிக்கு 400 டாலர் கிடைப்பதாகக் கொண்டால், அது வருடத்துக்கு 40 கோடி கன அடி. உலகத் தேவையில் பதினைந்தில் ஒரு பங்கு! கத்தாரும் அமெரிக்காவும் பெரும்பகுதியைத் தரும் சந்தையில், இன்னும் ஒரு சிலிண்டர்கூட விற்காத கம்பெனி அவ்வளவு விற்றால்தான் உங்கள் பத்துப் பென்னிக்கு நியாயம் கிடைக்கும். உங்கள் கம்பெனியின் உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்யலாம். பங்குகளின் எண்ணிக்கை கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும்.

400 டாலர் என்று நான் வைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. தங்கத்துக்கும் கச்சா எண்ணெய்க்கும் இருப்பதுபோல் ஹீலியத்துக்குப் பொதுச்சந்தை விலை கிடையாது. பெரிய தொழிற்துறை வாயு நிறுவனங்களோடு மூடிய கதவுக்குள் போடும் நீண்டகால ஒப்பந்தங்கள்தான் விலை. வாங்குபவர் யார், எத்தனை வருட ஒப்பந்தம் என்று உங்கள் கம்பெனி அறிவித்திருக்கிறதா? இல்லையென்றால் விலை பற்றிய பேச்செல்லாம் ஊகம்.

"கிடைத்த பிறகு ஏன் இறங்குகிறது?" என்ற கேள்விக்கு மச்சான் சொல்லும் பெரிய கைகள் தேவையில்லை. வருமானம் இல்லாத கம்பெனிக்கு நல்ல செய்தியும் செலவுதான். சோதனை, அடுத்த கிணறு, வாயுவைப் பிரிக்கும் ஆலை என்று வரிசையாகப் பணம் வேண்டும். கடன் கொடுக்க வங்கி தயங்கும். ஆகவே புதுப் பங்குகளை, பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைத்து விற்பார்கள். காலை 7 மணிக்கு அறிவிப்பு வரும். 8 மணிக்குச் சந்தை திறக்கும்போது விலை இறங்கியிருக்கும். மலிவாக வாங்கியவர்களில் சிலர் கொஞ்சம் லாபம் தெரிந்ததும் விற்றுவிடுவார்கள். செய்திக்கு முன்பே வாங்கியவர்களும் செய்தி வந்ததும் வெளியேறுவார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். 100 கோடிப் பங்குகள் இருந்த காலத்தில் நீங்கள் ஒரு லட்சம் பங்கு வாங்கியிருந்தால், கம்பெனியில் பத்தாயிரத்தில் ஒரு பாகம் உங்களுடையது. பங்குகள் 600 கோடி ஆனதும் அது அறுபதாயிரத்தில் ஒன்று. கிணற்றில் ஒரு கன அடி குறையவில்லை. உங்கள் பாத்தியதை ஆறில் ஒன்றாகிவிட்டது. பந்தியில் ஆள் கூடக்கூட ரசத்தில் தண்ணீர் கூடுகிற கதை. புதிதாக வந்த பணம் கிணறாகவும் ஆலையாகவும் மாறினால் அதைக் குறை சொல்ல முடியாது. சம்பளத்திலும் ஆலோசகர் கட்டணத்திலும் கரைந்தால்தான் ரசம் வெறும் தண்ணீராகிறது. இதுபோக, உரிமம் தரும் நாட்டின் பங்கும் உண்டு. டான்சானியச் சட்டப்படி சுரங்கக் கம்பெனியில் அரசுக்குக் குறைந்தது 16 சதவீதம் காசு கொடுக்காமலே சேரும்.

ஹீலியம் இல்லாமல் உலகம் நடக்காது என்ற உங்கள் நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் சரி. சிப் தொழிற்சாலைகள், ராக்கெட்டுகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 2017-இல் கத்தார் முற்றுகையின்போதும் 2022-இல் ரஷ்யாவின் அமூர் ஆலையில் விபத்து நடந்தபோதும் தட்டுப்பாட்டைப் பார்த்தோம். ஆனால் உங்கள் துறையிலேயே மறுபக்கமும் தெரிகிறது. பழைய எம்ஆர்ஐ இயந்திரத்துக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர் திரவ ஹீலியம் வேண்டும். பிலிப்ஸ் 2018-இல் கொண்டுவந்த மூடிய காந்தத்துக்கு 7 லிட்டர் போதும். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. சிக்கனம் பழகுகிறார்கள், மறுசுழற்சி செய்கிறார்கள். அடுத்த முறை உங்கள் மருத்துவமனைக்குப் புது இயந்திரம் வரும்போது எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். எந்த அறிவிப்பையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி ஆவரேஜ் விஷயம். மேலும் 3,000 போட்டால் உங்கள் சராசரி விலை இறங்கும், உண்மை. ஆனால் அது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இறங்குகிறதே தவிர, கிணற்றில் எதையும் மாற்றவில்லை. கம்பெனியிடம் பணம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தீர்களா? கடைசி அரையாண்டு அறிக்கையை எடுங்கள். கையிருப்பை, மாதாமாதம் ஆகும் செலவால் வகுங்கள். விடை எட்டு மாதம் என்று வந்தால், அதற்குள் இன்னொரு பங்கு வெளியீடு வரும் என்று எதிர்பார்க்கலாம். இன்றைய விலைக்கு அவசரப்பட்டு வாங்குவானேன்? அடுத்த வெளியீடு எந்த விலைக்கு, எந்த வேலைக்காக என்று தெரிந்த பிறகு முடிவு செய்தால் நீங்கள் இழப்பது பெரிதாக இருக்காது.

இன்னும் ஒன்று. பென்னிப் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். வாங்க 1.0 பென்னி, விற்க 0.9 பென்னி என்று இருந்தால், வாங்கிய நொடியிலேயே பத்து சதவீதம் போயிற்று. 3,000 போட்டால் 300 பவுண்ட். ஐசா கணக்கில் வாங்கியிருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் அங்கே வந்த நஷ்டத்தை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. பங்கு விலை இறங்கியதற்கு எந்த இழப்பீட்டுத் திட்டமும் பணம் தராது.

ஆக, 3,000 போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பதை வைத்திருப்பதா விற்பதா என்பதை மூன்று விஷயங்களைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். கையிருப்பு எத்தனை மாதத்துக்கு? வாங்குபவரோடு கையெழுத்தான ஒப்பந்தம் உண்டா? ஒரு வருடத்தில் பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் பொறுத்திருக்கலாம். இல்லையென்றால், 6,000 திரும்பி வரும்வரை விற்கமாட்டேன் என்ற பிடிவாதம் வேண்டாம். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது கிணற்றுக்குத் தெரியாது.

மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதி, அதை முதலில் மனைவியிடம் காட்டுங்கள். மச்சானிடம் பிறகு காட்டலாம். மனைவி அவர் கூடப் பிறந்தவர்தானே. அண்ணன் சொன்ன ஷேர் என்று தெரிந்ததும் உங்களைத் திட்டுவதில் பாதி அவருக்குப் போய்ச் சேரும்.