மீட்டிங்குக்கு வரப்போகும் தம்பிக்கு

குடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டாய். நல்லது. ஆனால் வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்காதே. மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாதவன், மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் கடைக்குப் போவதை உன் தெருவிலேயே பார்த்திருப்பாய். அவனுக்குப் பக்தியும் குறைவில்லை, மன உறுதியும் குறைவில்லை. அதன் பிறகு கூட நிற்க ஆளில்லை, அவ்வளவுதான். அந்த ஆள்துணை கிடைக்கும் இடம்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பல காலம் அங்கே உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேள். தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

1. முதலில் டாக்டரைப் பார். வருடக்கணக்கில் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆள் கண்ணில் தெரியலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. மீட்டிங் மருத்துவம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கூச்சப்படாமல் எவ்வளவு குடிப்பாய் என்பதைக் குறைக்காமல் சொல்.

2. இடம் தெரியவில்லை என்று நிற்காதே. போதை மறுவாழ்வு மையங்களில் இருக்கும் கவுன்சிலர்களைக் கேட்டால் பக்கத்தில் எங்கே, என்றைக்கு மீட்டிங் என்று விசாரித்துச் சொல்வார்கள். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இந்த வேலையில் இருக்கிறது. ஒரு ஊர் மீட்டிங் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போ. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டாதே.

3. உன் கால் கடைப்பக்கம் போகும் நேரத்தில் நடக்கும் மீட்டிங்காகப் பார்த்து எடு. டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது. வேலை விட்டு வரும் அந்த அந்திப்பொழுதுதான் ஆளைச் சாய்க்கும். ஆரம்பத்தில் முடிந்தால் தினமும் போ.

4. முதல் நாள் பேச வேண்டியதில்லை. ஒருவர் மேசையருகே உட்கார்ந்து மீட்டிங்கைத் தொடங்கிவைப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். உன் முறை வந்தால் பெயர் மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம். டீ வரும். புதிதாக வந்தவருக்குக் கப்பில் பாதிதான் ஊற்றுவோம். முழுக்க ஊற்றினால் நடுங்கும் கையில் தளும்பும் என்று ஊற்றுகிறவருக்குத் தெரியும், அவர் கையும் ஒரு காலத்தில் நடுங்கியதுதான்.

5. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒரு பை சுற்றிவரும். இருப்பவர் போடுவார், இல்லாதவர் அடுத்தவரிடம் நகர்த்துவார். ஏ.ஏ. பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

6. சர்ச் ஹாலில் நடக்கிறதே என்று தயங்காதே. வாடகை குறைவான இடம், அதனால் அங்கே. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும். ஆனால் திருநீறு பூசியவரும் தொழுகை முடித்து வருபவரும் கடவுளே இல்லை என்பவரும் ஒரே வரிசையில்தான் உட்காருகிறார்கள்.

7. அங்கே பார்த்த முகத்தையும் கேட்ட கதையையும் வெளியே கொண்டுபோகாதே. உன் மேலதிகாரியே எதிரில் உட்கார்ந்திருக்கலாம். நாளைக்கு ஆபீசில் அதைப் பற்றி வாய் திறக்காதே.

8. கிளம்பும் முன் இரண்டு மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்கு. குடித்த பிறகு கூப்பிட அல்ல, குடிப்பதற்கு முன் கூப்பிட. இந்த அமைப்பே அப்படித்தான் பிறந்தது. 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், வியாபாரம் கைவிட்டுப் போன பில் என்பவர் ஓட்டலில் தனியாக நின்றார். ஒருபக்கம் மது பார் இருந்தது. அவர் அதற்குள் நுழையாமல் போனை எடுத்து, பேச இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற சர்ஜன். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள். கொஞ்ச நாள் போனதும் மூத்தவர் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது உனக்கு வழிகாட்டும் துணையாக, இருக்கச் சொல்லிக் கேள்.

9. சறுக்கிவிட்டால் மறுநாளே வா. வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் அடுத்த குவார்ட்டருக்கு வழி. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

10. வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிரே போகலாம். உங்களுக்கென்று அல்-அனான் கூட்டம் தனியாக இருக்கிறது. அவர் திருந்தும்வரை காத்திருக்காமல் நீங்கள் போகலாம்.

ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே, இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இரு. ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 எந்நேரமும் இயங்கும் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் இன்றைக்கே விசாரித்து, இந்த வாரமே ஒரு மீட்டிங்குக்குப் போ.