மலைப்பாதை யாருக்கு?

பாதையே செல்வத்திற்கு வாயில் என்பர் பொருள்நூலார். வாயிலொன்று திறந்தவழி, அதனாற் புகுவன யாவை, புறப்படுவன யாவை என வினவுதலும் முறையேயாம். இவ்வினாவை நீலகிரியின்கண் வைத்து ஆராய்வோம்.

1819ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அம்மலை ஏறுமுன் ஆங்கு வாணிபமே இல்லை என எண்ணுதல் பிழை. தொதவர் நெய் கொடுத்தனர்; படகர் தானியம் கொடுத்தனர்; கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் செய்தளித்தனர்; குறும்பர் காட்டுப் பொருள்களைக் கொணர்ந்தனர். நாணயம் வேண்டாத இப்பண்டமாற்று, கீழ்நாட்டுச் சந்தைச் சரக்கு மேலேறியபின் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. கடையில் மண்வெட்டி கிடைக்குங்கால் கோத்தக் கொல்லனை நாடுவார் யார்?

புகைவண்டி 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் எட்டியது. கல்லாற்றிற்கு மேல் ஏறக்குறையப் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். ஆதலின் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, இஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுமாறு அமைத்தனர். வியத்தகு வேலையே! எனினும் 1870 முதல் உதகை சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிருந்தது என்பதை நினைப்பின், அவ்வேலை யார்பொருட்டு நிகழ்ந்தது என்பது எளிதில் விளங்கும். தேயிலையும் காப்பியும் அவ்வழியே இறங்கின.

பைக்காரா நீரின் கதையும் இதற்கு இனமானதே. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று குழாய்வழி வீழ்ந்த நீர் 1932 முதல் மின்சாரம் தந்தது. அது மலையிறங்கிக் கோயமுத்தூர்ப் பஞ்சாலைகளைச் சுழற்றிற்று. கிணற்று நீரையும் இறைத்தது. அவ்வூர் செழித்ததற்கு இது ஒரு பெருங்காரணம்.

மலைமக்கள் யாதொன்றும் பெற்றிலர் என்று கூறேன். தேனும் தினையுமே குறிஞ்சியின் கருப்பொருள் என்று பாடம் ஓதும் நமக்கு, இன்று ஆங்கு உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் விளைதல் வியப்பைத் தரும். இவற்றை விற்றுக் கையிற் காசு கண்ட குடும்பங்கள் பல. ஆயினும் லாரி மேட்டுப்பாளையம் மண்டியை அடைந்த பின்னரே விலை பேசப்படுகிறது. அழுகும் சரக்கைத் திரும்ப ஏற்றிச் செல்ல இயலாதாகலின், விற்பவன் சொல்லுக்கு ஆங்கு வலிமை குறைவு. பாதை மட்டும் அமைந்து, சரக்கை வைத்துப் பேணும் கிடங்கு மலையூரில் அமையாவிடில், ஊதியத்தின் பெரும்பங்கு கீழேயே தங்கிவிடும்.

இன்னொன்று. சரிவின் அடியை வெட்டிச் சாலை அகலப்படுத்துவோர், மேலிருந்து வரும் நீருக்கு வழி விடாராயின், ஊறிய மண் பெயர்ந்து விழும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. அம்மழையில் நிகழ்ந்த மண்சரிவுகளால் மாவட்டத்தில் நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர். வடிகாலுக்கும் தாங்குசுவருக்கும் திறப்பு விழா நடைபெறுவதில்லை. ஆதலின் போலும் அவற்றிற்குப் பணம் ஒதுக்க மனம் எளிதில் எழுவதில்லை. பெருஞ்சாலை எத்துணை அகன்றிருப்பினும், சிற்றூரினின்று அதனைச் சேரும் இரண்டு மைல் கிளைவழி மழையில் அறுந்ததாயின், முட்டைக்கோசு மூட்டையும் பேறுகால வேதனையுற்ற பெண்ணும் ஒருங்கே வழியிற் காத்துக்கிடக்க நேரும்.